மூணு துப்பாக்கியும் ஒரு பி.பி. கப்பும்

சேட்டர் லீ என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். சைக்கிள் பைத்தியங்கள் ஒன்றிரண்டு பேர் தூக்கியிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

லண்டனில் 1890ல் வில்லியம் சேட்டர் லீ என்பவர் ஆரம்பித்த கம்பெனி இது. சைக்கிள் சாமான்தான் பிரதானத் தொழில்: கிராங்க், பெடல், ஹப், குழாயும் குழாயும் சேருமிடத்தில் போடுகிற லக். சின்னப் பட்டறைக்காரர்கள் இந்தச் சாமான்களை வாங்கிப்போய், குழாயை வெட்டிப் பற்றவைத்து, பெயின்ட் அடித்து, தங்கள் பெயரை எழுதி விற்றுக்கொள்வார்கள். வாங்குகிறவனும் விவரமானவன். ஃபிரேமில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க மாட்டான், குனிந்து கிராங்க்கைப் பார்ப்பான். நடுவில் மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். 1920களின் கடைசியில் லண்டனை விட்டு லெட்ச்வொர்த்துக்கு இடம் மாறினார்கள். 1987ல் கதவைச் சாத்தினார்கள்.

இப்போது சில வருஷங்களாக அந்தப் பெயர் மறுபடி நடமாடுகிறது. பழைய சைக்கிள் மேல் மோகம் கொண்ட ஓர் அமெரிக்கர் பெயரை வாங்கி, பழைய வடிவத்தில் பெடலும் மற்ற சாமானும் புதிதாகக் கடைந்து விற்கிறார். படம் பார்த்தேன். அழகு என்றால் அப்படியொரு அழகு. வெள்ளிப் பாத்திரக் கடையில் வைத்தால்கூட யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நான் இதை எழுதுவது திருப்புட்குழியிலிருந்து. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில் பாலுசெட்டி சத்திரம் வந்ததும் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்பார்கள். 108 திவ்யதேசத்தில் ஒன்று. ராமானுஜர் சின்ன வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான். பிள்ளை வரம் வேண்டி வருகிற பெண்கள் மரகதவல்லித் தாயாரை நினைத்துக்கொண்டு வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடியும்போது முளை விட்டிருந்தால் வரம் கிடைத்தது என்று நம்பிக்கை. வறுத்த பயறு முளைக்கிற ஊர்க்காரனுக்கு, செத்த கம்பெனி எழுந்து வந்தது என்றால் சந்தேகப்பட உரிமை கிடையாது.

இருந்தாலும் பட்டேன். முதல் காரணம் விலை. அந்த ஒரு ஜோடி பெடல் விலைக்குச் சத்திரத்துக் கடையில் ஒரு முழு கறுப்பு சைக்கிளே வாங்கிவிடலாம், பூட்டும் கேரியரும் சேர்த்து. அதுகூடப் பரவாயில்லை, அவரவர் காசு. திரும்ப வந்தது எது என்பதுதான் என் கேள்வி. பழைய பட்டறை இல்லை, பழைய ஆட்கள் இல்லை. பெயரும் வரைபடமும் வந்திருக்கின்றன.

இப்படித் திரும்பி வந்த இங்கிலீஷ் சைக்கிள் சாமான்கள் வேறு சிலவும் உண்டு. புரூக்ஸ் சீட் ஒன்று. 1866ல் பர்மிங்ஹாமில் ஜே.பி. புரூக்ஸ் தொடங்கியது. தோலை இழுத்துக் கட்டிய சைக்கிள் சீட்டுக்கு 1882ல் காப்புரிமை வாங்கினார்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் இன்னொன்று. நாட்டிங்ஹாமில் ராலே கம்பெனியின் நிழலில் வளர்ந்தது. பின் சக்கர ஹப்புக்குள்ளேயே மூணு கியரை ஒளித்துவைத்த மகாராசன்கள். பிற்காலத்தில் இரண்டும் ஒரே குடையின் கீழ் வந்து, 2000ல் சேர்ந்தே விழுந்தன. புரூக்ஸை 2002ல் இத்தாலியின் செல்லே ராயல் கம்பெனி வாங்கியது. பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் அதே பட்டறை, அதே மாதிரித் தோல், அதே சுத்தியல் வேலை தொடர்கிறது. ஸ்டர்மி ஆர்ச்சரைத் தைவானின் சன்ரேஸ் வாங்கி, மிஷின்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டது. இங்கிலீஷ்காரர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள். எனக்கென்னவோ தைவான்காரன் செய்ததுதான் உருப்படியான காரியம் என்று தோன்றுகிறது. ஊர் மாறினாலும் ஹப்புக்குள் கியர் சுற்றுகிறது, விலை சாதாரண ஆளுக்கு எட்டுகிறது, உதிரி கிடைக்கிறது.

இங்கே இன்னொரு வகையும் உண்டு. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சாவதற்கு முன்பே வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்ட வகை. நம்ம அம்பத்தூர் வகை.

1940களின் கடைசி. சைக்கிள் என்றால் பெரும்பாலும் சீமைச் சரக்கு. சுதந்திரம் வந்தாயிற்று, இறக்குமதிக்கு இனி கெடுபிடி என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இங்கிலாந்தில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்று ஒரு பெரிய குழுமம். சைக்கிளுக்கு வேண்டிய எஃகுக் குழாயில் ஆரம்பித்து, ஒவ்வொரு சைக்கிள் கம்பெனியாக விழுங்கி வளர்ந்தது. ஹெர்குலஸ் அவர்களுடையது, பிலிப்ஸ் அவர்களுடையது. அவர்களோடு முருகப்பா குடும்பம் கைகோத்து 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா பிறந்தது. சென்னைக்கு வெளியே அம்பத்தூரில் ஆலை எழுந்து, ஹெர்குலஸ் சைக்கிள்கள் அங்கேயே தயாராக ஆரம்பித்தன. அம்பத்தூர்க்காரர்களுக்கு சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரி தெரியும். அந்த ஸ்டெட்ஃபோர்டு யாரோ கவர்னர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் இங்கிலாந்துத் தலைவர் அவர். பர்மிங்ஹாம் குழாய்க் கம்பெனிக்காரர் பெயரில் அம்பத்தூரில் பிரசவம் பார்க்கிறார்கள்.

சைக்கிளை மட்டும் கொண்டுவந்து ஒன்றும் ஆகாது. நட்டு முதல் செயின் வரை நல்ல சாமான் செய்ய இங்கே ஆள் வேண்டும். 1955ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது, குழாய்க்கு. 1960ல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் கம்பெனியோடு கூட்டாக டி.ஐ. டயமண்ட் வந்தது, செயினுக்கு. ரைட் என்ற இங்கிலாந்துச் சீட்டுப் பெயரில் ரைட் சாடில்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. பர்மிங்ஹாமில் விளக்கும் டைனமோவும் செய்துகொண்டிருந்த மில்லர் பெயரில் டி.ஐ. மில்லர் வந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு நகரத்தின் தொழிலையே வேரோடு பிடுங்கி, ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே நட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அங்கே இங்கிலாந்தில் என்ன ஆயிற்று? கார் வந்தது, ஆசியாவிலிருந்து மலிவுச் சரக்கு வந்தது, ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. நாட்டிங்ஹாமில் ராலே ஃபிரேம் செய்வதை 1999ல் நிறுத்தி, 2002ல் முழுக்க மூடிவிட்டது. ஆலை நிலத்தில் இப்போது பல்கலைக்கழகம். ஹெர்குலஸ் என்ற பெயர் பர்மிங்ஹாமில் கிழவர்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். இங்கே இன்றைக்கும் ஹெர்குலஸ் என்றால் பத்து வயசுப் பையன் "கியர் வெச்சதா, வெக்காததா?" என்று கேட்பான்.

எங்கள் பெரியப்பாவிடம் இருந்தது பி.எஸ்.ஏ. கறுப்பு, 24 இஞ்ச் ஃபிரேம், ராடு பிரேக். அவர் நெசவாளர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் முதலாளி வீடு. பட்டு நூலும் ஜரிகையும் வாங்கிவருவது, நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, கூலி வாங்குவது எல்லாம் அந்த வண்டியில்தான். போக வர இருபது கிலோமீட்டருக்கு மேலே. மழைக்காலத்தில் சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி, அதன் மேல் உரச்சாக்கின் உள் பிளாஸ்டிக்கைச் சுற்றி, கேரியரில் வைத்து, பழைய டியூபை வெட்டிக் கட்டுவார். தான் நனைந்தால் கவலையில்லை. உத்திரமேரூரில் அத்தையைக் கொடுத்திருந்தது. தீபாவளிச் சீர்கூட அதே கேரியரில் பாலாற்றுப் பாலம் தாண்டிப் போயிருக்கிறது.

அந்த வண்டியின் நெற்றியில் ஒரு தகடு. மூணு துப்பாக்கியைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய படம். பட்டாளத்துக்காரன் சைக்கிள் என்றுதான் நாங்கள் சின்ன வயதில் பேசிக்கொள்வோம். அது பாதி உண்மை என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861ல் பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கொல்லர்கள் சேர்ந்து தொடங்கிய ஆயுத ஆலை. கையால் அடித்துச் செய்த துப்பாக்கியில் ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. மிஷினில் செய்து, கேஜ் வைத்து அளந்து, எந்தப் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம் என்று ஆக்குவதற்காகவே இந்த ஆலை. சண்டை இல்லாத வருஷங்களில் ஆர்டர் இல்லை. அந்த ஓய்வில் 1880ல் சைக்கிள் பக்கம் வந்தார்கள், நடுவில் விட்டார்கள், 1893ல் மறுபடி வந்தார்கள். வந்தபோது முழு சைக்கிள் செய்யவில்லை, சாமான்தான் செய்தார்கள். ஹப், பி.பி. (பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க்கின் அச்சு சுற்றுகிற இடம்; அதன் இரு பக்கமும் திருகுவதுதான் கப்பு), கிராங்க், ஃபோர்க் தலை என்று ஒரு முழு செட். அதைப் பெட்டியில் போட்டு ஊரிலுள்ள மற்ற சைக்கிள்காரர்களுக்கெல்லாம் விற்றார்கள். "எங்கள் வண்டியில் பி.எஸ்.ஏ. சாமான்" என்று போட்டியாளர்களே விளம்பரம் செய்துகொண்டார்கள். எஸ்.எல்.ஆர்., லேடி பேர்டு என்ற மாடல்களாக அம்பத்தூர் வழியாக நம் வீட்டுக்குள் வந்த பி.எஸ்.ஏ., பிறவியில் ஓர் உதிரிபாகப் பிராண்டு.

துப்பாக்கிக்குப் பழகிய கை சைக்கிளுக்கு வந்ததால் ஒரு காரியம் நடந்தது. பி.பி. கப்பின் மரை எத்தனை அகலம், இஞ்சுக்கு எத்தனை சுற்று என்று அவர்கள் வைத்த கணக்கு மாறாத கணக்கு. 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 சுற்று. அவர்களிடம் சாமான் வாங்கியவர்கள் எல்லாம் அதே அளவுக்கு ஃபிரேம் அறுத்தார்கள். அதைக் கையில் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு பாலுசெட்டி சத்திரத்தில் கிடைத்தது.

பெரியப்பா காலமான பிறகு வண்டி திண்ணையோரம் கிடந்தது. கிராங்க்கில் கடகடவென்று ஆட்டம். ஓவராயில் பண்ணலாம் என்று சத்திரத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் வயசானவர். ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் விட்டவர், இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச சைக்கிள்தான் அவருக்குச் சோறு போடுகிறது. கூட ஒரு பையன், தொழில் பழகுகிறான்.

முதலில் காட்டர் பின். கிராங்க்கை அச்சோடு பூட்டுகிற ஆப்பு மாதிரியான இரும்பு. இதைக் கழற்றத் தெரியாதவன் கையில் கொடுத்தால் வண்டி நாசம். பெரியவர் நட்டை முழுக்கக் கழற்றவில்லை. நட்டின் முகமும் மரையின் நுனியும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை தளர்த்தினார். கிராங்க்குக்கு அடியில் ஒரு வேலமரக் கட்டையை நிமிர்த்து முட்டுக் கொடுத்தார். சுத்தியலை ஓங்கி ஒரே அடி. பின் இறங்கிவிட்டது. "தட்டித் தட்டி எடுக்கக் கூடாது தம்பி. தட்டுனா தலை மழுங்கிடும், அப்புறம் டிரில்லுதான்" என்றார்.

அடுத்தது கப்பு. இடது பக்கத்தைப் பையன் கழற்றிவிட்டான். வலது பக்கத்தில் ஸ்பானரைப் போட்டு முழு பலத்தையும் கொடுக்கிறான், அசையவில்லை. பெரியவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"டேய், வலது பக்கக் கப்பு உல்டா மரைடா. மூடற பக்கமா திருப்பு, தொறந்துக்கும்."

திருப்பினான், திறந்தது. ஏன் அப்படி வைத்தான் என்று நான் கேட்டதற்கு, "வலதுலயும் நேர் மரை வெச்சா, மெறிக்க மெறிக்கத் தானா கழண்டுகினு வரும். வெள்ளக்காரன் யோசிக்காம ஒண்ணும் வெக்கல" என்றார். காரணம் அதுதான். பெடலை மிதிக்கும்போது உள்ளே உருளும் பால்ஸ் கப்பை எதிர்த்திசையில் துளித்துளியாக நகர்த்திக்கொண்டே இருக்கும். வலது பக்கம் இடது மரை போட்டால் அந்த நகர்த்தலே கப்பை இறுக்கும். இத்தாலிக்காரன் இரண்டு பக்கமும் நேர் மரை வைத்துவிட்டு, வலது கப்பு கழன்றுவருகிறது என்று ரொம்ப காலம் அவதிப்பட்டான்.

பக்கத்துக்கு 11 என்று கால் இஞ்ச் பால்ஸ் கொட்டியது. பாதி கறுத்து, மேல் தோல் உரிந்திருந்தது. மண்ணெண்ணெயில் பிரஷை முக்கி ஃபிரேமின் உள் மரையைத் தேய்த்தபோது கிரீஸும் மண்ணுமாக ஒரு கரண்டி வந்தது. அதற்கு அடியில் மரை பளபள. ஒரு சுற்றுகூடத் தேயவில்லை.

நான் ஒரு வேலை செய்துவைத்திருந்தேன். சென்னை ரத்தன் பஜாரில் ஜப்பான் ஷிமானோவின் சீல் வைத்த பி.பி. ஒன்று வாங்கிப் பையில் வைத்திருந்தேன். மலையேறுகிற கியர் சைக்கிளுக்குப் போடுகிற சாமான். பெரியவரிடம் கொடுத்து, "இது போகுமா பாருங்கண்ணா" என்றேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நம்பிக்கையில்லாமல் கையாலேயே மரையில் வைத்துத் திருகினார். வெண்ணெயில் போவது போல உள்ளே போனது. பெரியப்பா கூலி வாங்கப் போய்வந்த வண்டியில், அவர் பெயர்கூடக் கேட்டிராத ஊர்ச் சாமான், ராவாமல் தட்டாமல் உட்கார்ந்தது.

"எந்த ஊரு சரக்கு தம்பி இது? பூந்துச்சே!"

பெட்டியைக் காட்டினேன். ஜப்பான் கம்பெனிப் பெட்டி, உள்ளே இருக்கும் மரைக்கு அவர்கள் அச்சிட்டிருந்த பெயர்: பி.எஸ்.ஏ. அந்த ஆயுத ஆலை சைக்கிள் தொழிலை 1957ல் ராலேவிடம் விற்றுவிட்டது. 1960ல் ராலேவே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கைக்கு வந்தது, அந்த வழியில்தான் மூணு துப்பாக்கி அம்பத்தூருக்கு வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த மோட்டார் சைக்கிள் தொழில் 1970களின் தொடக்கத்தில் நொடித்தது. ஆனால் உலகத்தில் இன்றைக்கு எந்த மூலையில் மரை வைத்த பி.பி. செய்தாலும் முதலில் செய்கிற அளவு பி.எஸ்.ஏ. அளவுதான்.

பூந்ததைப் பார்த்ததோடு சரி, அதைத் திரும்பக் கழற்றச் சொல்லிவிட்டேன். அதற்குச் சதுர முனைக் கிராங்க் வேண்டும், செயின் சக்கரம் மாற்ற வேண்டும், அப்புறம் அது பெரியப்பா வண்டியே இல்லை. பெரியவருக்கு வேறு நியாயம். "இது கெட்டுப்போனா தூக்கித்தான் போடணும். பழசு கெட்டா பால்ஸ் மாத்தி கிரீஸ் வெச்சா போதும்." புது பால்ஸ், புது காட்டர் பின் போட்டு மாட்டினார். இரண்டு காட்டர் பின்னையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் செருக வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது என்று பையனுக்குப் பாடமும் நடந்தது.

இந்த இடத்தில் சேட்டர் லீயை நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் அவர்கள் பி.பி.க்குத் தங்களுக்கென்று தனி அளவு வைத்திருந்தார்கள். தரத்தில் பி.எஸ்.ஏ.வுக்கு ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வார்கள். ராலேவும் அப்படித்தான், தன் ஃபிரேமுக்கு இஞ்சுக்கு 26 சுற்று. நம் சாமானை நம்மிடம்தான் வாங்க வேண்டும் என்ற வியாபார மூளை. நம் நாட்டில் ராலே அசன்சோலில் சென் ராலே என்று ஓடி, பிறகு அரசுடைமையாகி, கடைசியில் நின்றுபோனது. யாழ்ப்பாணத்தில் ரலி சைக்கிள் என்றால் இன்றைக்கும் ஒரு மரியாதை உண்டு, ஆனால் ராலே அளவுக் கப்பு தேடி அலைந்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். தன் அளவை ஊருக்கெல்லாம் விட்டுக்கொடுத்தவன் பெயர் இப்போது எல்லார் பெட்டியிலும். தனக்கென்று வைத்துக்கொண்டவனுக்கு யாராவது ஒரு ரசிகர் வந்து உயிர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பி.எஸ்.ஏ. பெயரில் மோட்டார் சைக்கிளும் திரும்பி வந்திருக்கிறது. மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் 2016ல் பெயரை வாங்கி, கோல்டு ஸ்டார் வண்டியை 2021ல் இங்கிலாந்தில் இறக்கி, 2024ல் இங்கேயும் கொண்டுவந்தார்கள். ஓட்டிப் பார்த்ததில்லை, கருத்துச் சொல்ல மாட்டேன். இதைவிடப் பெரிய உயிர்த்தெழுதல் எங்கள் மாவட்டத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது, அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ராயல் என்ஃபீல்டைத்தான் சொல்கிறேன். ரெட்டிச் என்ற ஊசி செய்கிற ஊரில் சைக்கிள் செய்து பிழைத்த கம்பெனி அது. என்ஃபீல்டிலிருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த பெருமையில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கே காலூன்றி, திருவொற்றியூரில் ஆலை வைத்தது. சீமையில் மூடிய பிறகும் இங்கே புல்லட் ஓடியது. 1994ல் ஐஷர் கைக்கு முழுசாக வந்தது. இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்கிறார்கள். அந்தப் பக்கம் ஷிஃப்டுக்குப் போகிற எங்கள் பையன்களிடம் இது ஓர் இங்கிலீஷ் கம்பெனி என்று சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

சரி, கறுப்பு சைக்கிளுக்கு வருகிறேன். பழைய பிராண்டு திரும்பி வந்தது என்று கொண்டாடுவதில் எனக்குச் சந்தேகம் உண்டு என்று மேலே எழுதினேன். அதற்காக நம் ஊரில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஷோரூமுக்குப் போனால் வண்ண வண்ணமாகக் கியர் சைக்கிள், குண்டு டயர் சைக்கிள். கறுப்பு வண்டி வேண்டும் என்றால் பின்கட்டிலிருந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அதுவும் ஒரு மாதிரி இளப்பமாக. அட்லஸ் சைக்கிள் தன் சாகிபாபாத் ஆலையில் வேலையை 2020 ஜூன் 3ஆம் தேதி நிறுத்தியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம். இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது.

யார் ஓட்டுகிறார்கள் இப்போது? எங்கள் ஊரில் எண்ணினால்: பால் ஊற்றுகிறவர், கோரைப்புல் கட்டிக்கொண்டு வருகிறவர், கீரைக்காரம்மாவின் வீட்டுக்காரர், இரவுக் காவலுக்குப் போகிற இரண்டு மூன்று பேர், பிறகு பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த வண்டியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். 2001ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று ஆரம்பித்து, பிறகு 2005 வாக்கில் எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம் அது. அந்தப் பிள்ளைகள் காலேஜ் போனதும் வண்டி அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ வந்துவிடும். இளஞ்சிவப்பு மட்கார்டு வைத்த வண்டியில் கோவணம் கட்டிய கிழவர் வயலுக்குப் போவது இங்கே சாதாரணக் காட்சி.

இவர்களுக்கு இல்லாத ஒன்று விளக்கு. காவலுக்குப் போகிறவர் இரவு எட்டு மணிக்குக் கிளம்பி, பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு போகிறார். எதிரே கன்டெய்னர் லாரி. அவர் கையில் செல்போன் டார்ச். மழை பெய்தால் அதுவும் சட்டைப்பைக்குள்.

அதனால்தான் சொல்கிறேன், யாருக்காவது பழைய இங்கிலீஷ் சைக்கிள் சாமான் பிராண்டை உயிர்ப்பிக்கும் ஆசை இருந்தால், வாருங்கள், மில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா வண்டியின் பின் ஃபோர்க்கில் இன்னமும் இருக்கிறது, கைக்கு அடக்கமான மில்லர் டைனமோ. கொக்கியைத் தட்டிவிட்டால் சாய்ந்து டயரில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு காந்தம் சுற்றும், சுற்றிலும் கம்பிச் சுருள், 6 வோல்ட். அவ்வளவுதான் விஷயம். பேட்டரி கிடையாது, சார்ஜ் போட வேண்டாம், செலவே இல்லை. மிதிக்கக் கொஞ்சம் கனக்கும், உர்ரென்று சத்தம் போடும். இறக்கத்தில் வேகமாக விட்டால் பல்பு ஃப்யூஸ் ஆகும், நின்றால் இருட்டு. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய காலத்தில் எல்லா வண்டியிலும் இது இருந்தது. கெடுபிடி போனதும் டைனமோவும் போயிற்று.

அன்றைக்கு இருந்த குறை ஒவ்வொன்றுக்கும் இன்றைக்கு மருந்து இருக்கிறது. பல்புக்குப் பதில் எல்.ஈ.டி. போட்டால் பழைய டைனமோவின் 3 வாட்டில் சாலையே வெளிச்சமாகும். ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்தால் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எரியும். ஜெர்மனியிலும் ஹாலந்திலும் சாதாரண ஜனம் ஓட்டுகிற சைக்கிளில் முன் சக்கர ஹப்புக்குள்ளேயே டைனமோ வைத்து விற்கிறார்கள். உரசலும் இல்லை, சத்தமும் இல்லை. நம் முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, அதற்கேற்ற துளை போட்ட ஹப் செய்வது லூதியானாக்காரனுக்கோ அம்பத்தூர்க்காரனுக்கோ பெரிய வித்தையா? அரசாங்கம் ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கில் வாங்குகிற வண்டியில் இதை ஒரு நிபந்தனையாகப் போட்டால் விலையும் தானாக இறங்கும். பெயர் மில்லர் என்றே இருக்கட்டும், ஞாபகம் உள்ள கிழவர்கள் முதலில் வாங்குவார்கள்.

என் வண்டியில் டைனமோவைக் கழற்றிப் பார்த்தாயிற்று. காந்தம் நன்றாக இருக்கிறது, சுருளும் அறவில்லை, புஷ்ஷுக்கு இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டதும் சுற்றுகிறது. முன் விளக்கின் கண்ணாடிதான் குறுக்கே விரிசல். கடையில் மில்லர் கண்ணாடி என்று கேட்டால் மூக்குக் கண்ணாடிக் கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் மரப்பெட்டியிலோ இருந்தால் கீழே எழுதுங்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். டைனமோவோடு சேர்த்துத்தான் தருவேன் என்றாலும் சரி, விலை பேசிக்கொள்ளலாம். பேட்டரி விளக்கு வாங்கி மாட்டிக்கொள்ளேன் என்று யோசனை சொல்கிறவர்கள் தயவுசெய்து வேண்டாம், அதை வீட்டிலேயே தினமும் சொல்கிறார்கள்.